தனித்து வாழும் பெண்ணின் கதை: அமைதியான மிகுபுனைவுக் குறுநாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போர் இல்லை, அரியணை இல்லை, உலகைக் காக்கும் பயணமும் இல்லை. ஒரே ஓர் இளம்பெண், அவள் வாழும் விசித்திரமான இடம், அவள் நாள்தோறும் செய்யும் வேலைகள், அவற்றுக்கு நடுவே ஒரு மாயம். இப்படி ஒரு மிகுபுனைவுக் (ஃபேன்டசி) குறுநாவல் எழுத உட்காருபவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்களோ அவற்றைக் கேள்விகளாகத் தொகுத்திருக்கிறோம். விளக்கத்துக்காக ஒரே மாதிரிக் கதையைக் கடைசிவரை பயன்படுத்துகிறோம்.

மாதிரிக் கதை இது: எல்லோரும் விட்டுப்போன ஓர் ஊர். அதன் மணிக்கூண்டில் கயல் என்ற பெண் தனியாக வாழ்கிறாள். போனவர்களின் நிழல்கள் மட்டும் ஊர்ச் சுவர்களில் தங்கிவிட்டன. கூண்டுக் கடிகாரம் காட்டும் நேரப்படி அவை நடமாடி, வெளிச்சம் மறைவதற்குள் தத்தம் வாசலை அடைந்துவிடும். கடிகாரத்தைச் சரியாக ஓடவைப்பது கயலின் வேலை.

குறுநாவல் என்றால் எத்தனை சொற்கள்?

அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ, நெபுலா விருதுகள் 17,500 முதல் 40,000 சொற்கள் வரையுள்ள படைப்பைக் குறுநாவல் என்கின்றன. அது ஆங்கிலக் கணக்கு. தமிழில் ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கே நாலைந்து சொற்கள் வேண்டும். அதனால் தமிழில் 12,000 முதல் 25,000 சொற்கள் வரை என்று இலக்கு வைத்துக்கொள்வது பொருத்தம். இந்த வகைக் கதைக்கு 15,000 அருகே நிற்பது நல்லது. ஒரே ஆளோடு, ஒரே இடத்தில், அதற்கு மேல் வாசகரை உட்காரவைக்க இரண்டாவது கதைச்சரடு தேவைப்படும். அந்தச் சரடு வந்ததுமே அமைதி போய்விடும்.

எதுவும் நடக்காத கதையை வாசகர் ஏன் படிக்க வேண்டும்?

எதுவும் நடக்காத கதையை யாரும் படிக்க வேண்டியதில்லை. அமைதியான கதையிலும் ஏதோ ஒன்று கைநழுவிப் போகும் நிலையில் இருக்க வேண்டும். அது சிறியதாக இருக்கலாம். மங்கலாக இருக்கக் கூடாது. ‘கயல் கடிகாரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்’ என்பதில் வாசகர் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. கணக்காக எழுதினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஊசல் கடிகாரத்தில் தண்டு நீண்டால் ஊசல் மெதுவாகும். இரும்புத் தண்டு வெப்பத்தில் நீளும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் கடிகாரம் நாளுக்குச் சுமார் 5 வினாடி பிந்தும். திருத்துவதற்கு ஒரு பழைய வழி உண்டு: ஊசல் குண்டின் மேல் காசு வைப்பது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டில் பழைய பென்னிக் காசுகளை இப்படித்தான் வைக்கிறார்கள். ஒரு காசு, நாளுக்கு 0.4 வினாடி முந்தவைக்கும்.

கயலின் கடிகாரத்துக்கும் இதே அளவு என்று கொள்வோம். கோடை வருகிறது. 5 வினாடியை ஈடுகட்ட 12, 13 காசுகள் வேண்டும். அவளிடம் இருப்பவை 9. அவை 3.6 வினாடிக்குத்தான் ஈடு. மிச்சம் நாளுக்கு 1.4 வினாடி பிந்தும். ஊர்க்கோடியில் வீடுள்ள ஒரு சிறுவனின் நிழல், வெளிச்சம் மறைவதற்கு 10 வினாடி முன்புதான் எப்போதும் வாசலைத் தொடும். 7-ஆம் நாள் முடிவில் கடிகாரம் 9.8 வினாடி பிந்தியிருக்கும். 8-ஆம் நாள் 11.2.

இப்போது வாசகர் காசுகளை எண்ணத் தொடங்கிவிடுவார். யாரும் கத்தவில்லை, யாரும் துரத்தவில்லை; ஆனாலும் பக்கத்தைத் திருப்புவார்.

இந்த அளவுக்குத் தொழில்நுட்பம் தேவையா?

தேவை. மாயத்தை நம்பவைப்பது அதைச் சுற்றியுள்ள உண்மையான வேலைதான். அவள் நெய்தால் பாவும் ஊடும் சரியாக இருக்க வேண்டும், மெழுகு உருக்கினால் அது எந்தச் சூட்டில் கெடும் என்று தெரிய வேண்டும். ஒரு வேலை போதும், ஆனால் அதை அடிவரை தெரிந்துகொள்ளுங்கள்.

தெரியாமல் எழுதினால் வரும் பிழைகள் ஒரே மாதிரியானவை. காசு வைத்தால் எடை கூடிக் கடிகாரம் மெதுவாகும் என்று எழுதிவிடுவார்கள். நடப்பது நேர்மாறு: குண்டின் மேல் வைத்த காசு ஊசலின் ஈர்ப்பு மையத்தைச் சற்று மேலே தூக்குகிறது. ஊசல் குட்டையானது போல் ஆகி விரைகிறது. இன்னொரு பிழை, காசு வைத்ததும் பழைய பிந்தல் சரியாகிவிடுவதாகக் காட்டுவது. இனி மேலும் பிந்தாமல் இருக்கத்தான் அந்தக் காசு; ஏற்கெனவே போன வினாடிகள் திரும்ப வேண்டுமானால் தேவைக்கு அதிகமாக வைத்து, சில நாள் முந்த விட்டு, பிறகு எடுக்க வேண்டும். இந்த ஒரு விவரத்துக்குள்ளேயே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

விவரம் தெரிந்த வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: ‘குண்டுக்குக் கீழே ஒரு மரை இருக்குமே, அதைத் திருகிக் குண்டை உயர்த்தினால் போதாதா?’ போதும். ஆனால் அதற்கு ஊசலை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நிழல்களும் நின்றுவிடும். ‘ஏன் இப்படிச் செய்யவில்லை?’ என்று கேட்கக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் இப்படி ஒரு வரிப் பதில் கதைக்குள் இருந்தால் வாசகர் உங்களை முழுதாக நம்புவார்.

மாயம் எவ்வளவு இருக்கலாம்?

ஒன்று. மாதிரிக் கதையில் அது நிழல்கள். பேசும் பறவையும் வேண்டாம், சுவருக்குள் கதவும் வேண்டாம். முதல் பத்தில் ஒரு பகுதிக்குள், 15,000 சொல் கதையென்றால் முதல் 1,500 சொற்களுக்குள், அது கண்ணில் பட்டுவிட வேண்டும். பாதியில் திடீரென மாயம் நுழைந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

அவள் அதைக் கண்டு வியக்கக் கூடாது என்பதும் முக்கியம். விசித்திர இலக்கியம் பற்றி 1970-இல் நூல் எழுதிய த்ஸ்வெதான் தொதொரோவ், ‘இது இயற்கைதானா, அப்பாற்பட்டதா’ என்ற தயக்கம் நீடிக்கும் வரைதான் அந்த வகை உயிரோடிருக்கும் என்றார். நாம் பேசும் வகை அந்தத் தயக்கத்தில் வாழ்வதில்லை. கயலுக்கு நிழல்கள் அக்கம்பக்கத்தார். அவற்றில் எது சோம்பல், எது முன்கோபம் என்பது அவளுக்கு அத்துப்படி.

மாயம் எதற்காவது குறியீடாக இருக்க வேண்டாமா?

வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான எண்ணம். இதற்குத் தமிழ் மரபிலேயே ஒரு பிடி இருக்கிறது. தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று அடுக்குகிறது; ‘செய்தி’ என்பது தொழில். ஒன்றைச் சொல்லி அதற்குள் வேறொரு பொருளை மறைத்து வைக்கும் உள்ளுறை உவமம் பற்றிச் சொல்லும்போது, தெய்வத்தை விலக்கி மற்றவற்றையே அதற்கு நிலமாகக் கொள்ளச் சொல்கிறது. தெய்வம் தெய்வமாகவே நிற்கும். மரமும் பறவையும் தொழிலும்தான் சொல்லாத பொருளைச் சுமக்கும்.

மிகுபுனைவுக்கு இதைவிடப் பயனுள்ள விதி கிடைப்பது கடினம். ‘நிழல் என்பது அவள் துயரம்’ என்று ஆக்கிவிட்டால் நிழல் செத்துவிடும், துயரமும் மலிந்துவிடும். நிழல் நிழலாகவே இருக்கட்டும். துயரத்தைக் காசுப் பெட்டி சுமக்கட்டும், அல்லது மணிக்குள் கூடு கட்டிய புறா சுமக்கட்டும். மணி அடிக்கும்போதெல்லாம் பறந்துபோய்த் திரும்பி வரும் அந்தப் புறாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய விசித்திரப் போக்கை எப்படிக் காட்டுவது?

அழகுக்காக ஒட்டிய கிறுக்குத்தனங்கள் மூன்றாம் பக்கத்திலேயே சலித்துவிடும். கால்களில் வேறு வேறு நிறக் காலுறை, பொருள்களுக்குச் செல்லப்பெயர், மழையில் ஆட்டம் எல்லாம் வெளியில் நின்று ஒருவர் அவளை ரசிப்பதற்காக வைத்தவை. ஒவ்வொரு பழக்கத்துக்கும் மூன்று கேள்வி போடுங்கள்: அவள் கணக்கில் இதற்கு என்ன காரணம்? இதனால் அவளுக்கு என்ன இழப்பு? இதை மீறினால் என்ன ஆகும்?

கயல் ஏழாம் படியை மிதிப்பதில்லை. காரணம்: ஏழாம் படியில் ஒரு கிழவரின் நிழல் காலையில் உட்காரும். இழப்பு: எண்ணெய்க் குடத்தோடு ஏறும்போது இரண்டு படியைச் சேர்த்துத் தாண்டவேண்டியிருப்பதால் பாதி எண்ணெய்தான் ஒரு நடையில் கொண்டுபோக முடியும். மீறல்: ஐந்தாம் நாள் அவசரத்தில் மிதித்துவிடுகிறாள், மறுநாள் காலை அங்கே நிழல் இல்லை. இப்படி மூன்றுக்கும் பதில் உள்ள பழக்கங்கள் நாலைந்து போதும். பதில் இல்லாததை வெட்டிவிடுங்கள்.

அவளுக்கு ஏதோ மனநோய் என்று வாசகர் நினைத்துவிட்டால்?

சிலர் நினைப்பார்கள். அதற்காகக் கதைக்குள் நோயின் பெயரைக் கொண்டுவர வேண்டாம். ஆனால் எழுதுபவருக்கு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். எண்ணச் சுழற்சி நோயில் (OCD) வரும் எண்ணங்கள் நோயுள்ளவருக்கே வேண்டாதவை, துன்புறுத்துபவை, செயலைச் செய்தால் பதற்றம் சற்று நேரம்தான் தணியும். விசித்திரப் போக்குள்ளவர் தன் பழக்கத்தில் இன்பம் காண்கிறார். கயல் படியைத் தாண்டும்போது பதறினால் ஒரு கதை, வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டினால் வேறொரு கதை. இரண்டையும் கலந்து, நோயை அழகாக்கிக் காட்டுவது அந்த நோயோடு வாழ்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

அதேபோல, ‘சிறுவயதில் நடந்த ஒரு கொடுமையால் இப்படி ஆனாள்’ என்ற அத்தியாயமும் வேண்டாம். பெண் தனியாக இருந்தால் அதற்கு ஒரு காயம் காரணமாக இருந்தே தீர வேண்டும் என்பது சோம்பலான கற்பனை.

ஒரே ஆள்தான் என்றால் உரையாடல்?

தமிழில் எழுதுபவருக்கு இங்கே பெரிய கொடை ஒன்று இருக்கிறது. அவள் பொருள்களோடு பேசும்போது எதை ‘நீ’ என்கிறாள், எதை ‘நீங்கள்’ என்கிறாள் என்பதிலேயே அவள் உலகத்தின் வரிசை தெரிந்துவிடும். கயல் கதவை ‘நீ’ என்பாள், விளக்கை ‘டீ’ போட்டுக் கூப்பிடுவாள். கடிகாரத்திடம் மட்டும்: ‘இன்றைக்கு ஒரு வினாடி பிந்திவிட்டீர்கள். வெயில்தான், உங்கள் மேல் தப்பில்லை.’

கதைசொல்லியும் இதையே பின்பற்றிக் கடிகாரத்தை ‘அவர்’ என்றே சொல்லி வரட்டும். ஏழாம் நாள் இரவில் ஒரே ஓர் இடத்தில் அவள் ‘ஓடு’ என்கிறாள். ‘ஓடுங்கள்’ அல்ல. அடுத்த வரியில் கதைசொல்லியும் ‘அது’ என்கிறார். அவள் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறாள் என்பதை இதற்கு மேல் விளக்க ஒரு சொல்லும் வேண்டாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்தே மரியாதை வடிவத்தைப் பிசகாமல் காத்திருந்தால்தான் இது வேலை செய்யும். மெய்ப்புப் பார்க்கும்போது இதற்கென்றே ஒரு முறை தனியாகப் படியுங்கள்.

தன்மையில் எழுதலாமா, படர்க்கையிலா?

படர்க்கை, அவள் தோளுக்குப் பின்னால் நின்று. தன்மையில் எழுதினால் அவள் யாருக்காக, ஏன் இதை எழுதுகிறாள் என்ற கேள்வி எழும்.

எல்லா வாக்கியமும் ‘-ஆள்’ என்றே முடிகிறது. என்ன செய்வது?

இந்த வகையில் மிக அதிகம் காணும் கோளாறு இதுதான். ஒரே எழுவாய், தொடர்ந்து செயல்கள். இப்படி ஆகிவிடும்:

‘கயல் எழுந்தாள். படியேறினாள். ஊசலைப் பார்த்தாள். காசை எடுத்தாள். அதன் மேல் வைத்தாள்.’

ஐந்து வாக்கியம், ஐந்து ‘ஆள்’. பறையடிப்பது போல் இருக்கிறது. திருத்தினால்:

‘எழுந்தபோது படிகள் இன்னும் குளிர்ந்திருந்தன. ஏறி, மூச்சை அடக்கி, ஊசல் இந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்து, அது திரும்பும் நொடியில் காசை வைத்தாள். ஒன்பதாவது. தகரப் பெட்டியில் இனி நூல்கண்டு மட்டும்.’

செய்தவை மூன்று: வினையெச்சங்களை ஒரே முற்றில் கட்டியது, முதல் வாக்கியத்தின் எழுவாயைப் படிகளுக்குக் கொடுத்தது, வினையே இல்லாத பெயர்ப் பயனிலையில் முடித்தது. ஊசல் திரும்பும் நொடியில் அசைவற்று நிற்பதால் அப்போதுதான் காசை வைக்க முடியும் என்ற உண்மையும் உள்ளே வந்துவிட்டது. ஒரு பத்தியில் ‘-ஆள்’ முடிவு மூன்றுக்கு மேல் தொடர்ந்து வந்தால் நிறுத்திப் பாருங்கள். ‘அவள்’ என்ற சொல்லையும் தேடுங்கள். வினைமுற்றே பெண்பாலைச் சொல்லிவிடுவதால் பாதிக்கு மேல் நீக்கிவிடலாம்.

அத்தியாயங்களை எப்படிப் பிரிப்பது?

நாள்களாக. நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதை வேலை சொல்லட்டும். கயலின் கடிகாரத்துக்கு எட்டு நாளுக்கொரு முறை எடைக்கல்லை மேலே ஏற்றிச் சாவி கொடுக்க வேண்டும். ஆகவே எட்டு நாள், எட்டு அத்தியாயம். ஒவ்வொரு நாளுக்கும் சம அளவு ஒதுக்காதீர்கள். முதல் நாள் 3,000 சொற்கள் எடுக்கலாம், வழக்கம் முழுவதும் அதில் பதிய வேண்டும். மூன்றாம் நாளுக்கு அரைப் பக்கம் போதும். எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் நாள், வெப்பம், வைத்த காசு, மொத்தப் பிந்தல் என்று நான்கு நெடுவரிசை போட்டு நிரப்பிக்கொண்டால் நடுவில் கணக்குப் பிசகாது.

முதல் நாளின் வழக்கத்தை முழுதாகக் காட்டிய பிறகு, அடுத்தடுத்த நாள்களில் மாறியதை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் நாளும் அதே பல்துலக்கல், அதே படியேற்றம் என்றால் வாசகர் தாவிப் படிப்பார். தாவும்போது முக்கியமான ஒன்றைத் தவறவிடுவார்.

இடத்துக்கு வரைபடம் தேவையா?

உங்களுக்குத் தேவை, வாசகருக்கு வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் அவள் வைத்த பெயர், ஒரு மணம், ஓர் ஓசை. பெயர்கள் பயன்பாட்டிலிருந்து வரட்டும்: காற்றுவாய், எண்ணெய் மாடம், கிழவர் படி. சமஸ்கிருதக் கூட்டுச்சொற்களில் புராணச் சாயலோடு வைத்தால் அவை அவள் வாயில் ஒட்டாது.

வேறு யாராவது கதைக்குள் வரலாமா?

ஒருவர், ஒரு முறை, பாதிக்குப் பிறகு. அவர் அவளைக் காப்பாற்ற வரக் கூடாது, காதலிக்கவும் வரக் கூடாது. வழிதவறிய ஒருவர் ஒரு காசை விட்டுப்போகலாம். அது செல்லாக் காசு என்று வருத்தப்படுவார். அதன் எடைதான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

முடிவு எப்படி இருக்க வேண்டும்?

அவள் ஊரை விட்டுக் கிளம்பி மனிதர்களோடு சேர்வதுதான் நல்ல முடிவு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி முடித்தால், இதுவரை நீங்கள் அன்போடு காட்டிய வாழ்க்கை முழுவதும் ஒரு நோயாகிவிடும். மாறாக, ஒன்றும் மாறாமல் வட்டம் போட்டுத் திரும்பினால் எட்டு நாளும் வீண். சிறிய, ஆனால் திரும்பப் பெற முடியாத ஒரு மாற்றம் வேண்டும். அந்தப் பொருள் முதல் அத்தியாயத்திலேயே வேறொரு வேலையாகக் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

மாதிரிக் கதையில், முதல் நாள் அவள் சட்டைக்குப் பித்தளைப் பொத்தான் தைத்திருப்பாள். காற்றுவாய்க்குப் போகும்போது கழுத்துவரை பூட்டிக்கொள்வாள். எட்டாம் நாள் காலையில் அந்தப் பொத்தான்கள் காசுகளோடு சேர்ந்து ஊசலின் மேல் இருக்கும். மாலையில் சிறுவனின் நிழல் வாசலைத் தொட்டதா என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும்; நீங்களும் சொல்லிவிடுங்கள். இவ்வளவு கணக்குக் காட்டிவிட்டு விடையை மறைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

திருத்தும்போது எதைத் தேட வேண்டும்?

‘ஏனோ’, ‘ஒருவித’, ‘இனம்புரியாத’, ‘திடீரென்று’, ‘போலத் தோன்றியது’. இந்த ஐந்தையும் தேடி ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ‘இனம்புரியாத சோகம்’ என்ற இடத்தில் அவள் அப்போது கையில் என்ன வைத்திருந்தாள் என்று எழுதினால் பெரும்பாலும் போதும். பிறகு முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். 15,000 சொற்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகலாம். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். குரல் தானாகத் தாழ்ந்து மெதுவாகும் இடங்களில் கை வைக்காதீர்கள்.

முதல் வாசகரிடம் என்ன கேட்பது?

‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள். படித்து முடித்த மறுநாள், அவளிடம் எத்தனை காசுகள் இருந்தன என்று கேளுங்கள். ஒன்பது என்று உடனே சொன்னால் கதை நிற்கிறது. யோசித்தால், முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி அந்தத் தகரப் பெட்டியை இன்னொரு முறை திறந்து காட்டுங்கள்.